பாட்டாவின் பாயில் பேரக்குழந்தைகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாகிய என்னைப் புற்றுநோயைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கிறார்கள். நான் வைத்தியம் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்போடு நின்றவன். என் தந்தையார் குடலில் புற்றுக் கண்டு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் திருவனந்தபுரத்தில் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அவ்வீட்டில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லவே முக்கியமாக இங்கு நிற்கிறேன்.

நோயின் பெயர் தெரிந்த வாரமே, உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "குழந்தைகள் இருக்கும் வீடு, பார்த்து நடந்துகொள்" என்றார். அவ்வளவுதான். பள்ளி விடுமுறையைச் சாக்காக வைத்து, மகனையும் மகளையும் மார்த்தாண்டத்தில் உள்ள என் மனைவியின் தாய்வீட்டிற்கு அனுப்பிவிட்டேன். தந்தையாருக்கு வேறு தட்டு, வேறு தம்ளர் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவித் தனியே கவிழ்த்து வைக்கத் தொடங்கினார். நாற்பது நாள்கள் இவ்வாறு கழிந்தன.

மூன்றாம் முறை மருந்து ஏற்றச் சென்றபோது, அங்கிருந்த நர்ஸ் ஒருவர், "வீட்டில் பேரப்பிள்ளைகள் உண்டோ?" என்று கேட்டார். "உண்டு, ஆனால் என்னிடம் வருவதில்லை" என்று தந்தையார் அமைதியாக விடையிறுத்தார். அப்போதுதான் எனக்குச் சுட்டது.

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி நோயன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, முத்தமிடுவதாலோ அது பரவாது. வெளியிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோரின் உடலிலும் கதிர் தங்குவதில்லை. குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். ஆனால் தைராய்டுப் புற்றுக்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர் டாக்டர் குறிக்கும் சில நாள்கள் குழந்தைகளை விட்டு விலகியிருக்க வேண்டும். மருந்து ஏற்றிய இரண்டு நாள்கள்வரை சிறுநீர், வாந்தி முதலியவற்றைக் கையுறை அணிந்து துப்புரவு செய்யவேண்டும். இவ்வளவே.

உண்மையில் அஞ்சவேண்டியது மறுபக்கம். மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரங்களில் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்துவிடும். அவ்வேளையில் குழந்தையின் சளியும் காய்ச்சலும் பெரியவரைப் பற்றிக்கொண்டால் ஆபத்து. ஆகவே நோயாளியிடமிருந்து குழந்தையைக் காப்பதன்று முறை. காய்ச்சல் கண்ட குழந்தையிடமிருந்து நோயாளியைக் காப்பதே முறை. நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

குழந்தைகள் மறுநாளே திரும்பினர். ஏற்றும் மருந்தின் காரணமாகத் தந்தையாருக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்துவது போலிருக்கும். இதனை அறிந்த என் ஆறு வயது மகள் குளிர்பெட்டிக்குக் காவற்காரி ஆகிவிட்டாள். "பாட்டா, தொடாதே!" என்று வீடு அதிரக் கூவுவாள். மகனோ கைகழுவாமல் எவரையும் பாட்டாவின் அறைக்குள் விடுவதில்லை. சங்கத் தலைவர் அவர்களே சென்ற வாரம் இரண்டு முறை கழுவ நேர்ந்தது. மாலையில், நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலாவின் பொந்தில் மார்த்தாண்ட வர்மா பகைவருக்கு ஒளிந்திருந்த கதை நடக்கும். நூறு முறை கேட்ட கதை. சோர்வு மிகுந்த நாள்களில் அவர் பாதியில் கண்ணயர்ந்துவிடுவார். மீதியைப் பேரன் பேத்திக்குச் சொல்லி முடிப்பான்.

நிற்க. நடிகர் இன்னசென்ட் அவர்களை நம்மில் அறியாதார் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 2012ஆம் ஆண்டில் அவருக்கு நிணநீர்ப் புற்று என்று தெரிந்தது. பின்னர் அவர் துணைவியாருக்கும் புற்று வந்தது. இருந்தும் அவர் புற்றுநோய் வார்டில் சிரிப்பு என்ற பொருள்படும் 'கான்சர் வார்டிலே சிரி' என்னும் நூலை எழுதினார். 2014இல் பாராளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023 மார்ச்சு 26இல் காலமாகும்வரை பத்தாண்டுக்கு மேலாகக் குடும்பத்தோடும் பேரக்குழந்தைகளோடும் வாழ்ந்தார். எல்லார்க்கும் பத்தாண்டு கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கிடைக்கும் நாள்களைத் தனித்தட்டில் கழிக்கவேண்டாம் என்றே சொல்கிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுக்கு இழந்த துயரால் முயன்று, 1954இல் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளோடு மருத்துவமனை கண்டார். நமக்கு அருகே திருவனந்தபுரத்தில் வட்டாரப் புற்றுநோய் மையம் 1981இல் அமைந்தது. 2008இல் கேரள அரசு வலிதணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. பஞ்சாயத்தின் வழியாக நர்ஸ் வீட்டிற்கே வருவார். அவர் வருவதைக் கண்டு 'முடிந்துவிட்டது' என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுக்கின்றனர். அது தவறு. வலியையும் வாந்தியையும் தணிக்கும் அவ்வுதவி, சிகிச்சை நடக்கும்போதே பெறத்தக்கது. வலியுள்ளவர் மடியில் எந்தக் குழந்தை உட்காரும்?

என் தொழில் சம்பந்தமாக ஒன்று. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் விலக்கு. துணைக்குச் செல்பவருக்கு அவ்வகுப்புகளில் 75 சதவிகிதம் சலுகை. மருத்துவமனை கையொப்பமிட்ட படிவம் வேண்டும். சென்னைக்குச் செல்வோர் பலர் இதனை அறியாமல் முழுப்பணம் நீட்டுவதைக் கவுண்டரில் காண்கிறேன். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் மாலையில் என் வீட்டிற்கு வரலாம். கைகழுவும் சட்டம் மட்டும் உண்டு.

எட்டில் ஆறு முறை மருந்து முடிந்தது. தந்தையார் இங்கே மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஏழாவது மருந்தின் நாளும், பேத்தி திருவாதிரைக்களி ஆடவிருக்கும் பள்ளி ஓணவிழாவும் ஒரே நாளில் வந்து வாய்த்திருக்கின்றன. இரண்டு நாள் தள்ளி வைக்கலாமா என்று டாக்டரைக் கேட்டிருக்கிறோம். திங்களன்று விடை சொல்வார்.