பெயர் சொல்லி நன்றி



அன்றாட வாழ்வில் நன்றி கூறுதல் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். எளிய பொருள் போலத் தோன்றும். ஆயினும் சமண இல்லங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதை முதலில் பேசிவிடுகிறேன். நமக்கு வரும் இன்பமும் துன்பமும் நாம் செய்த வினையின் பயன் என்பது நம் கொள்கை. அவ்வாறாயின், பசித்த வேளையில் சோறிட்டவருக்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? என் புண்ணியமே எனக்குச் சோறிட்டது என்று எண்ணி அமையலாமே? இளைஞர்கள் சிலர் என்னிடம் இவ்வாறு கேட்டதுண்டு. கேட்கத் தக்க வினாதான்.

விடையும் நம் நூல்களிலேயே உள்ளது. ஒரு காரியம் நிகழ உபாதானம் மட்டும் போதாது, நிமித்தமும் வேண்டும். நெல்லுக்குள் முளைக்கும் ஆற்றல் இருக்கிறது; நீர் பாய்ச்சும் கை இல்லையேல் அது குதிரிலேயே கிடக்கும். என் நல்வினை எனக்குள் இருந்தது. அதைப் பயனாக்கி என் இலையில் இட்டது மற்றொருவர் கை. அந்தக் கைக்குரியவர் நிமித்தமாக வந்தார் என்பதனால் அவர் சிறியவர் ஆகிவிடமாட்டார். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் அமைவதே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி கூறுவதும் இதனையே. வினைக்கொள்கையைக் காட்டி நன்றியைத் தவிர்ப்பவர், கொள்கையின் ஒரு பாதியை மட்டும் கற்றவர் என்பேன்.

அறிந்தால் போதுமே, வாய்விட்டுச் சொல்லவும் வேண்டுமோ என்பது அடுத்த வினா. குறளில் அதிகாரங்கள் அமைந்துள்ள முறையைப் பாருங்கள். 9-ஆவது விருந்தோம்பல், 10-ஆவது இனியவை கூறல், 11-ஆவது செய்ந்நன்றி அறிதல். உண்பித்தலுக்கும் நன்றி அறிதலுக்கும் இடையே இனிய சொல் நிற்கிறது. இது தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் முன்னோர் இதைக் கல்லிலேயே செய்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைக்குச் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள். அவற்றின் கீழே 8, 9-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றில் நீண்ட புகழுரை எதுவும் இல்லை. இன்ன ஊரினர், இன்ன ஆசிரியரின் மாணாக்கர், செய்வித்த திருமேனி இது என்ற அளவே. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியர் பெயர்களும் உண்டு. தம் பெயரைச் சொல்லும்போதே தமக்குக் கற்பித்தவர் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். இன்று அப்பகுதியில் நம் குடிகள் இல்லை, பெயர்கள் இருக்கின்றன.

அண்மைக்காலத்துச் சான்று ஒன்று. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதனால் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். தமிழிலக்கணமும் சைவ நூல்களும் கற்ற அப்பெரும் புலவருக்குச் சமண சமயச் செய்திகள் வந்த இடங்களில் பொருள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டார். ஓர் இல்லத்தில் சிந்தாமணி படித்து முடித்த நாளைத் திருநாளாகவே கொண்டாடியதைக் கண்டு வியந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. அதன் பின்னும் அவர் மறக்கவில்லை. முதுமையில் எழுதிய ‘என் சரித்திரம்’ நூலில் வீடூர் அப்பாசாமி நயினார், சந்திரநாத செட்டியார் என்று பெயர் சொல்லி எழுதி வைத்தார். வீடூரைச் சார்ந்தோர் இந்த அவையில் இருக்கக்கூடும். உங்கள் ஊரார் ஒருவர் தமிழுக்குச் செய்த உதவியை உலகம் அறிந்திருப்பது, உதவி பெற்றவர் அதைச் சொன்னதனால்தான். அவர் மனத்துக்குள் மட்டும் நன்றி பாராட்டியிருந்தால் நாம் அறிந்திருப்போமா?

நம் இல்லத்துக்கு வருவோம். பொழுது சாயுமுன் உண்ணும் நெறியை நம்மில் பலர் இன்றும் காத்து வருகிறோம். அதில் பெருமையும் கொள்கிறோம். அந்த நெறியை நமக்காகக் காப்பவர் யார்? மாலை ஐந்தரை மணிக்குள் அடுப்பு வேலையை முடிப்பவர். பல இல்லங்களில் அவரும் பணிக்குச் சென்று திரும்புபவரே. நோன்பின் பயன் உண்பவருக்கு, அதற்கான ஓட்டம் அவருக்கு. உண்டு எழும்போது ஒரு நல்ல சொல் கூறுவோர் எத்தனை பேர்? “வீட்டுக்குள் எதற்கு நன்றி, அந்நியரா நாம்” என்பார்கள். அந்நியருக்கு மட்டுமே நன்றி உரியது என்று எந்த நூலும் சொல்லவில்லை.

ஊரையும் நினையுங்கள். வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளிலிருந்து நாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை சென்று, ஜினாலயத்தில் விளக்கு எரிவது கண்டு கைகூப்புகிறோம். மற்றை நாள்களில் அதை ஏற்றியவர் ஒருவர் உண்டு. உபாத்தியாயராக இருக்கலாம், ஊரைவிட்டு வர மனமில்லாத முதியவர் ஒருவராக இருக்கலாம். அவர் பெயரை நம் பிள்ளைகள் அறிவார்களா? பிறர் உழைப்பின் பயனைப் பெற்றுக்கொண்டு, உழைத்தவர் பெயரைச் சொல்லாமல் விடுவது கள்ளாமை என்னும் விரதத்துக்கே சிறிது இழுக்கு என்பது என் கருத்து. கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள்.

விழாக்களில் நன்றியுரை எப்போதும் இறுதியில் வரும். அதற்குள் பாதி அவை பந்திக்குச் சென்றிருக்கும். வாசிக்கப்படும் பெயர்களும் பெரும்பாலும் நன்கொடையாளர்களுடையவை. இன்று நன்றியுரை ஆற்றவிருக்கும் நண்பரிடம் முன்னதாகவே ஒன்று கேட்டுக்கொண்டேன். இப்போது சமையற்கூடத்தில் நமக்காக உணவு ஆயத்தம் செய்துகொண்டிருப்போரின் பெயர்களை முதலில் வாசிக்க வேண்டும் என்றேன், இசைந்தார். பதினொரு பெயர்கள். அவர்களையும் மேடைக்கு முன் அழைத்திருக்கிறோம். அதுவரை தயைகூர்ந்து எவரும் எழுந்து செல்ல வேண்டா.