ஒன்பதாம் உறுப்புரையும் பத்தாம் உறுப்புரையும்

 இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, பேராதனைக்கு மறுபடியும் வந்திருக்கிறேன்.

நான் கண்டி நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டு வழக்குப் பேசிய சட்டத்தரணி. அரசியல் தத்துவத்தைப் புத்தகத்தில் படித்ததைவிடக் கட்சிக்காரர்களின் கோப்புகளில் படித்ததுதான் அதிகம். தாராளவாதமா, பழைமைவாதமா? கடவுள் உண்டா, இல்லையா? உங்கள் விடுதி அறைகளில் இவை பற்றி விடிய விடியப் பேசியிருப்பீர்கள். பேசத்தான் வேண்டும். ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருமுன் 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தை ஒருமுறை வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாற்பது ஆண்டுகளாக நான் ஏறிய மேடைகளிலெல்லாம் இதைச் சொல்லி வருகிறேன். காரணம் இருக்கிறது.

ஒரே மழைக்காலத்தில் இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவர் உடுநுவரைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர். மற்றவர் புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இருவருக்கும் ஒரே பிரச்சினை. கணவன் கொடியவன் அல்லன். ஆனால் சேர்ந்து வாழ முடியவில்லை. பிரிந்துபோவோம் என்று இரண்டு வீட்டிலும் கணவனும் மனைவியும் பேசி முடித்துவிட்டார்கள்.

உடுநுவரைப் பெண் கண்டியச் சட்டத்தின் கீழ் மணமுடித்தவர். அவருக்கு வழக்கே தேவைப்படவில்லை. கணவனும் மனைவியும் கச்சேரிக்குப் போய் மாவட்டப் பதிவாளர் முன்னால் சம்மதம் சொன்னார்கள், பிள்ளையின் செலவுக்கு ஓர் ஏற்பாடு எழுதினார்கள், விஷயம் முடிந்தது. தோட்டத்துப் பெண் பொதுச் சட்டத்தின் கீழ் பதிந்தவர். கணவன் சோரம் போனான் என்றோ, வேண்டுமென்றே கைவிட்டுப் போனான் என்றோ, மணமாகும்போதே தீராத ஆண்மைக்குறைவு இருந்தது என்றோ அவர் மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். சம்மதம் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. அதை விளக்கியபோது அவர் என்னிடம் சொன்னார்: “அந்தாளு கெட்டவரு இல்லீங்க ஐயா. ஒத்துவரல, அவ்வளவுதான். அவரப்பத்திப் பொய் சொல்லச் சொல்லாதீங்க.”

ஒவ்வொரு தவணைக்கும் அவருக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போனது. கங்காணியிடம் சொல்ல வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், மண்டபத்து வாங்கில் பின்னேரம் வரை உட்கார வேண்டும். பிறகு அடுத்த தவணை. தீர்ப்பு வருமுன் அவருடைய மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள்.

இப்போது சொல்லுங்கள், இரண்டில் எது தாராளமான சட்டம்? மன்னர் காலத்து வழக்கத்திலிருந்து வந்தது கண்டியச் சட்டம். ஐரோப்பாவிலிருந்து வந்தது பொதுச் சட்டம். 1859இல் ஆங்கிலேயர் கண்டிய விவாகத்தை ஒழுங்குபடுத்தப் புறப்பட்டு, பலகணவர் மணத்தைத் தடைசெய்தார்கள், மணமுறிவையும் இறுக்கினார்கள். மக்களின் வழக்கம் அதற்கு வளைந்துகொடுக்கவில்லை. 1870இல் பரஸ்பர சம்மதத்தைத் திரும்பச் சேர்க்கவேண்டி வந்தது. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் அது நுழைந்தது 1976இல்தான். நூறு ஆண்டு முந்தியது நம் மலைநாட்டுப் பழைமை.

உடனே மரபின் பக்கம் ஓடிவிடாதீர்கள். அதே சட்டத்தின் 32ஆம் பிரிவைப் பாருங்கள். மனைவி சோரம் போனால் அதுவே மணமுறிவுக்குப் போதும். கணவன் போனால் போதாது. கூடவே தகாத இரத்த உறவோ கடுங்கொடுமையோ இருக்க வேண்டும். கண்டிய வாரிசுரிமையில், தீக முறையில் மணமாகிக் கணவன் வீட்டுக்குப் போகும் மகள், தந்தையின் காணியில் பங்கை இழக்கிறாள். பின்ன முறையில் கணவனைத் தன் வீட்டுக்கு அழைப்பவள் இழப்பதில்லை. மரபை முழுசாக ஏற்கிறவரும் முழுசாகத் தள்ளுகிறவரும் இந்த ஒரு சட்டத்தை மனம் நோகாமல் வாசித்து முடிக்க முடியாது. பிரிவு பிரிவாக எடுத்து, இது யாரைக் காக்கிறது, யாரை ஒடுக்குகிறது என்று கேட்டுத்தான் கடக்க முடியும்.

நான் இங்கே மாணவனாக இருந்தது 1960களில். அப்போது ஈழத்து இலக்கிய உலகில் மரபுப் போராட்டம் அனல் பறந்துகொண்டிருந்தது. பண்டிதர்கள் ஒரு பக்கம், முற்போக்கு எழுத்தாளர்கள் மறுபக்கம். அதே ஆண்டுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இதே வளாகத்தில் இரவிரவாக ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, செப்பனிட்டு, மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். அவருக்குத் துணைநின்ற கா. சிவத்தம்பி மார்க்சியர். மௌனகுரு இராவணனாக ஆடிய ‘இராவணேசன்’ வந்தபோது சலங்கை ஒலியில் எங்களுக்குப் புல்லரித்தது. பழைய ஆட்டத்தை அழியாமல் காத்தவர்கள் பண்டிதர்களா, முற்போக்காளர்களா? எனக்கு இன்னும் விடை தேவைப்படவில்லை.

நம்பிக்கைக்கும் நம்பாமைக்கும் வருகிறேன். நான் சைவன். தினமும் திருநீறு பூசுகிறவன். அதனால்தான் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

மதச் சகிப்பைப் பற்றி ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் எழுதிய கடிதம் 1689இல் வெளிவந்தது. தாராளவாதத்தின் மூலநூல்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அந்தக் கடிதத்திலேயே அவர் கடவுளை மறுப்பவர்களுக்குச் சகிப்பு கிடையாது என்றார்; அவர்களைச் சத்தியம் கட்டுப்படுத்தாது என்பது அவர் சொன்ன காரணம். மூன்று ஆண்டு கழித்து, 1692இல், கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு யோசப் வாஸ் கண்டி எல்லையில் பிடிபட்டார். போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைவைத்தார்கள். பிறகு பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனே அவரை விடுவித்து, ஊழியம் செய்யவும் விட்டான். கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திக்கொண்டிருந்த காலம் அது. வைசூரி பரவியபோது நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்த அந்தக் குரு 1711இல் கண்டியிலேயே இறந்தார். மன்னனிடம் கோட்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. அரசியல் கணக்கும் இருந்திருக்கலாம். அடைக்கலம் மட்டும் உண்மை.

லொக்கின் அந்தப் பழைய ஐயம் என் மேசைக்கும் வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் காணி வழக்கில் சத்தியக்கடதாசி முடிக்க வந்தார். பகுத்தறிவாளர் கோவூரின் கட்டுரைகளைக் கரைத்துக் குடித்தவர்; பேய், சாமி எதையும் ஏற்காதவர். “நான் ஓர் இந்து என்ற வகையில்” என்று என் எழுதுவினைஞர் வழக்கம்போலத் தட்டச்சு செய்திருந்தார். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உண்மை சொல்கிறேன் என்று உறுதி கேட்கும் கடதாசியின் முதல் வரியிலேயே பொய் எழுதச் சொல்கிறீர்களே” என்றார். அந்த வரியை வெட்டி, வெறுமனே உறுதியுரைப்பதாக மாற்றி எழுதினோம். 1895ஆம் ஆண்டின் சத்தியங்கள் பற்றிய கட்டளைச் சட்டம், மனச்சாட்சியின்படி சத்தியம் செய்ய மறுப்பவருக்கு அந்த வழியைத் திறந்துவைத்திருக்கிறது. நான் கண்ட சாட்சிகளில் இவ்வளவு நேர்மையானவர் சிலரே.

2012 குடிசன மதிப்பீட்டில் பௌத்தர் நூற்றுக்கு 70, இந்துக்கள் 12க்கும் மேல், முஸ்லிம்கள் 10க்குச் சற்றுக் குறைவு, கிறிஸ்தவர் 7க்கும் மேல். மீதி என்று சொல்ல ஏறக்குறைய எவருமே இல்லை. அந்தத் தமிழாசிரியர் போன்றவர்கள் பிறந்த வீட்டின் மதத்துக்குள் எண்ணப்பட்டு மறைந்துபோகிறார்கள். எண்ணிக்கையில் தெரியாதவனுக்கும் உரிமை உண்டு என்பதுதான் என் பிடிவாதம்.

நம் அரசியலமைப்புக்கும் இரண்டு முகம் உண்டு. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது 1972 அரசியலமைப்பு. அதை ஆக்கும் பொறுப்பிலிருந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, மார்க்சியர். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது எதிர்த்து நின்றவர்களில் அவரைப் போன்ற இடதுசாரிகளும் இருந்தார்கள். அன்று கூடவே எதிர்த்த தமிழ்த் தலைவர் செல்வநாயகம் பக்தியுள்ள கிறிஸ்தவர். ஆகவே ஒருவர் கும்பிடுகிறாரா இல்லையா என்பதை வைத்து அவர் எந்தப் பக்கம் வாக்களிப்பார் என்று தீர்மானிக்காதீர்கள்.

1978 அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை பௌத்தத்தின் முதன்மையைச் சொல்கிறது. அடுத்ததே பத்தாம் உறுப்புரை: சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம், விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ ஏற்கும் சுதந்திரமும் சேர்த்து. பேச்சுச் சுதந்திரத்துக்குச் சட்டம் வரம்பு விதிக்கலாம். பத்தாம் உறுப்புரைக்கு அப்படி வரம்பு விதிக்க இடமே வைக்கவில்லை. இரண்டையும் மாற்றப் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும். ஒன்பதை உரத்துச் சொல்ல நாட்டில் ஆள் குறையில்லை. பத்தைச் சொல்லத்தான் ஆள் போதாது. 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவர்மீது பாய்ந்தது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் 2007இல் இயற்றப்பட்ட சட்டம். உரிமைக்கென்று வந்த சட்டமும் காவலின்றி விட்டால் கடிக்கும்.

மரபுரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பளை வல்லஹகொட தேவாலயத்துப் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் நிற்க வேண்டுமா என்ற வழக்கில், 1815 கண்டி ஒப்பந்தத்தில் பௌத்த மதத்துக்குப் பாதுகாப்பு உறுதியளித்த ஐந்தாம் பிரிவை வைத்துத் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்த்தது கண்டி மாவட்ட நீதிமன்றம். 1915இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அந்த மே மாத வெசாக் இரவில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டு, தீவெங்கும் பரவியது. இராணுவச் சட்டத்தின் அத்துமீறலை எதிர்த்துச் சிங்களவருக்காக முழங்கினார் பொன்னம்பலம் இராமநாதன். பின்னாளில் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவரும் அவரே. அவருடைய முழக்கத்தில் முஸ்லிம்களின் இழப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனவருத்தம் இன்றும் இருக்கிறது; நியாயமான வருத்தம். 2018 மார்ச்சில் திகணையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நீதிமன்றத்தில் தீர்ந்த உரிமை தெருவில் தீர்வதில்லை என்பதற்கு இந்த மாவட்டத்தைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உங்களில் சிலர் பிரதேச செயலகங்களில் இருப்பீர்கள், சிலர் வகுப்பறையில், சிலர் என் தொழிலில். சட்டவரைவுக் குழுக்களிலும் ஓரிருவர் அமர்வீர்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தோட்டத்துப் பெண்ணுக்கும் கிடைக்கும்படி பொது விவாகச் சட்டத்தில் பரஸ்பர சம்மதத்தைச் சேருங்கள். அதே வரைவில் கண்டியச் சட்டத்தின் 32ஆம் பிரிவிலுள்ள ஆண், பெண் வேறுபாட்டை நீக்குங்கள். ஒன்று பழையதிலிருந்து எடுப்பது, மற்றது பழையதை வெட்டுவது. இரண்டையும் ஒரே கையெழுத்தில் செய்யலாம். அந்த வரைவோடு யாராவது என் வீட்டுக்கு வந்தால், என்னிடமுள்ள பழைய கோப்புகள் அத்தனையும் தரத் தயார்.