குஞ்சு காக்கும் மீனுக்குத் தூண்டில் போடலாமா?



'தூண்டில் மீன்பிடிப்பு பொழுதுபோக்கா, பொல்லாத போக்கா?' என்று கேட்கிறது தலைப்பு. பொழுதுபோக்கே என்று வாதிட வந்திருக்கும் அணிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

பேராக் மாநிலத் தமிழருக்குத் தூண்டில் புதிதல்ல. ரப்பர் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு மூங்கில் கழியும் மண்புழுவும் போதும். கால்வாயில் கெளுத்தி, குட்டையில் விரால். பிடித்தது அன்றைக்கே குழம்பாகும். 1985இல் ஈய விலை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின், அவை விட்டுப்போன குட்டைகளும் தூண்டில்காரர்களின் இடமாயின. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் பட்டணம் போனார்கள். தூண்டில் ஆசை மட்டும் போகவில்லை.

இன்று ஈப்போவிலிருந்து இருட்டோடு காரில் புறப்பட்டுச் செண்டெரோ ஏரிக்குப் போகிறவர்கள் உண்டு. பேராக் ஆற்றின் குறுக்கே 1930இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உண்டான ஏரி அது. லெங்கோங் பக்கத்து ராபான் ஏரியும் அதன் ஒரு பகுதியே. அங்கே அவர்கள் தேடுவது தோமான். விராலுக்குப் பெரியப்பா என்று சொல்லலாம். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். 20 கிலோவைத் தொடும். ஐரோப்பாவில் பைக் என்றொரு மீன் உண்டு. அதுபோலவே இதுவும் நீர்ச்செடி ஓரத்தில் பதுங்கியிருந்து பாய்கிற ஜாதி. பல்லும் அப்படியே! கம்பி முடிச்சு இல்லாவிட்டால் நரம்பை நறுக்கிவிடும்.

இந்த மீனை ஃபிளை தூண்டிலில் பிடிப்பது தனிக் கலை. சாதாரணத் தூண்டிலில் இரையின் எடை நரம்பை இழுத்துச் செல்லும். இதிலோ, இறகாலும் முடியாலும் கட்டிய போலித் தவளைக்கு எடையே கிடையாது. கனமான நரம்பைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசினால்தான் அது பறக்கும். படகில் நின்றபடி காலை முழுதும் வீசிவீசித் தோள் கடுத்துப்போகும். பல நாள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

தோமான் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அந்த அசைவைப் பார்த்து வீசுவது நேர்மையான போட்டி. இன்னொரு வழியும் இருக்கிறது. வழக்கு அங்கேதான்.

பைக் மீன் முட்டையிட்டதும் போய்விடும். தோமான் போகாது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும்; நீர் கொதிப்பதுபோல் குமிழி கிளம்பும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் குமிழிக்கு நடுவே போலி இரையை வீசினால் பெற்ற மீன் பசிக்காகப் பாய்வதில்லை. எதிரி வந்துவிட்டான் என்று பாய்கிறது. தூண்டில்காரர் அதைத் திறமை என்கிறார். ஏமாந்தது மீனின் பசி அல்ல, பாசம்!

'பிடித்தால் என்ன, திரும்ப விட்டுவிடுகிறோமே' என்று எதிரணி கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் காவல் மீன் தூண்டிலோடு போராடும் நேரத்தில் குஞ்சுகளுக்கு யார் துணை? செபாராவ் போன்ற மீன்களுக்கு அது விருந்து நேரம். களைத்துப்போன மீன் உடனே காவலுக்குத் திரும்பும் என்றும் உறுதி இல்லை. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டியதில்லை என்பார்கள். மெய்தான், ஆனாலும் தோமான் குஞ்சுக்குக் காவல் வேண்டும்.

'அந்தக் காலத்தில் தோட்டத்துக் குட்டையில் யார் இதையெல்லாம் பார்த்தார்கள்?' என்றும் கேட்கலாம். அது வயிற்றுக்காகப் பிடித்த மீன். பொழுதுபோக்குக்காகப் பிடிப்பவருக்குக் கட்டுப்பாடு கூடுதலாக இருப்பதே முறை.

ஆகவே நிபந்தனை இதுதான். குமிழிக் கூட்டத்தைக் கண்டால் படகைத் திருப்புங்கள். தனித்துத் திரியும் மீனுக்கு வீசுங்கள். எதிர்முள் நசுக்கிய தூண்டிலைப் போடுங்கள். விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தாமதிக்காமல் தண்ணீரில் விடுங்கள். இவற்றைக் கடைப்பிடித்தால் தூண்டில் நல்ல பொழுதுபோக்கு. குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் வீசினால், எதிரணி சொல்வதை ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.