புடவையும் கேக்கும் போதுமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் லேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது, நல்ல மாற்றம்தான். சட்டம் மாறவில்லையே! 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருந்தால்தான் பிறப்புவழிக் குடியுரிமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேரவில்லை. பட்டம் வாங்கிய பையன் அரசு வேலைக்கு மனுப்போட வழியில்லாமல் பெயின்ட் வேலைக்குப் போவது இதனால்தான்.

ஆகவே, கிறிஸ்துமஸுக்குப் புடவையும் கேக்கும் கொடுக்கும் திருச்சபைகள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். 1980இல் பெட்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபையின் அகதிகள் பணி, தமிழக முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியிருக்கிறது. நம் சபைகளும் கைகொடுக்க வழியுண்டு. முகாம் பிள்ளையின் பிறப்புச் சான்றில் அப்பா பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் பின்னால் எத்தனை அலைச்சல்! வக்கீலும் ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் எழுத்தரும் உள்ள சபைக்கு அதைத் திருத்த மனு எழுதுவது பெரிய காரியமா? ‘நம்மூர் ஏழைகளே இருக்கிறார்களே’ என்பார்கள். நியாயம்தான், ஆனால் நம்மூர் ஏழைக்கு ஓட்டு இருக்கிறது, கவுன்சிலராவது வாசலுக்கு வருவார். மதம் மாற்றத்தான் வருகிறார்கள் என்ற சந்தேகமும் எழும். மனு எழுதும் மேசையில் துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள்; எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்றும் கேட்காதீர்கள்.