உள்ளம் உரமுற வேண்டும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகத் தேர்ச்சி பெற்றோர் பட்டியலை எண்ணி நாம் மகிழ்ந்து வந்திருக்கிறோம். அம்மகிழ்ச்சி தகுதியானதே. ஆயினும், அப்பட்டியலில் இடம்பெறாமல், படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வீடு திரும்பிய பிள்ளைகளும் நம்மிடையே உளர். "ஏன் நிறுத்தினாய்?" என்று வினவினால், "பிடிக்கவில்லை" என்னும் ஒரு சொல்லே விடையாக வருகின்றது. அந்த ஒரு சொல்லுக்குள் அச்சமும் வெட்கமும் சினமும் துயரமும் ஒருங்கே அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிந்து உள்ளத்தைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் முன்னோடிகளுள் ஒருவராகிய இரட்டைமலை சீனிவாசனார் 1939ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில் தம் சாதியையும் குடியிருப்பையும் பிற மாணவர் அறிந்துவிடுவரோ என்று அஞ்சி வாழ்ந்ததை அதில் கூறுகின்றார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். பாடம் முடிந்ததும் எவரும் தம்மை நெருங்கிப் பேசாதபடி விரைந்து வீடு சேர்வார். உடன் பயில்வோருடன் கூடி விளையாட இயலாமையை எண்ணி மனம் நொந்தார். அறிவிலோ உழைப்பிலோ அவரிடம் குறை இல்லை. எனினும் அந்த இளம் உள்ளம் நாள்தோறும் ஒளிந்து நடந்தது.

இன்று காவிரிப் பாலத்தைக் கடந்து, திருவரங்கத்திலிருந்து திருச்சிக் கல்லூரிகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடம், "உனக்கு எந்தத் தெரு?" என்று ஒருவர் கேட்கும்போது எழும் நடுக்கம் யாது? அதுவும் அந்தப் பழைய நடுக்கமே அன்றோ!

இங்கேதான் உணர்ச்சிக்குச் சரியான பெயரிடுதல் இன்றியமையாததாகின்றது. நாம் செய்த தவற்றை எண்ணி வருந்துவது குற்றவுணர்வு; அது நம்மைத் திருத்தும். பிறர் இழிவுபடுத்துவதனால் நேர்வது அவமானம். அதில் தவறு இழைத்தவர் இழிவுபடுத்தியவரே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் இளைஞன், பிறர் குற்றத்திற்குத் தன்னையே தண்டித்துக் கொள்கின்றான். "என்னிடம் ஏதோ குறை இருக்கின்றது" என்று எண்ணிப் படிப்பை விடுகின்றான். சீனிவாசனார் அங்ஙனம் ஒடுங்கிவிடவில்லை. எந்தப் பெயர் வெளிப்படுமோ என்று இளமையில் அஞ்சினாரோ, 'பறையன்' என்னும் அப்பெயரையே 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குச் சூட்டினார். ஒளித்து வைத்தவரை அச்சுறுத்திய பெயர், உரக்கச் சொன்னபோது உரிமைக் குரலாயிற்று.

பெயரிடப்படாத உணர்ச்சி ஒழிந்துபோவதில்லை. தவறான இடத்தில் போய் விழுகின்றது. பணியிடத்தில் ஏச்சு வாங்கிய தந்தையின் சினம் இரவில் சோற்றுத் தட்டின் மேல் விழுகின்றது. தாயின் துயரம் தலைவலியாகின்றது. சிலர் அதனை மதுவில் கரைக்க முயல்கின்றனர்; கரைவதோ கூலிப் பணமும் குடும்ப அமைதியும். முக்கொம்பு மேலணையை நாம் அறிவோம். வெள்ளக் காலத்தில் மிகுதி நீரைக் கொள்ளிடத்தில் திறந்து விடுகின்றனர். உள்ளத்திற்கும் அத்தகைய கொள்ளிடம் வேண்டும்.

அக்கொள்ளிடம் பேச்சாகலாம், எழுத்துமாகலாம். 1917இல் பரோடாவில் தங்க இடமின்றி விரட்டப்பட்ட கொடுமையை அண்ணல் அம்பேத்கர், அதனை நினைக்குந்தோறும் கண்ணீர் வருவதாகப் பல்லாண்டு கழித்தும் எழுதிவைத்தார். கண்ணீரை ஒப்புக்கொண்டதால் அவர் சிறுமையடைந்தாரில்லை. "ஆண்பிள்ளை அழலாமா?" என்று நம் சிறுவர்களை அடக்குவோர் இதனைச் சிந்திப்பாராக.

ஆதலின் அன்றாடம் சில பழக்கங்களை மேற்கொள்வோம். மாலையில் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், "இன்று என்ன நடந்தது?" என்று கேட்போம், இடைமறியாது செவிசாய்ப்போம். சினம் பொங்கும்போது விடையிறுக்காமல் சற்றே நடந்து வருவோம். உறக்கத்தையும் விளையாட்டையும் படிப்பின் பகையாகக் கருதாதிருப்போம். ஒவ்வோர் இளைஞனும், ஒவ்வொரு பெண்ணும், மனந்திறந்து பேசத்தக்க ஒருவரையேனும் தேடிக்கொள்ளல் வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை தொடருமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும். சாவைப் பற்றிய எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அத்தகையவரைத் தனியே விடவும் கூடாது. இது பைத்தியம் என்று நகைக்கத்தக்கதன்று. காய்ச்சலைப் போலக் கவனிக்க வேண்டிய நோய். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் தொடங்கியபோது தொடக்கத்திலேயே இடம்பெற்ற மாவட்டங்களுள் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையை நாம் அணுகலாம். 2022 முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கின்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதி முதலிய எவ்வேறுபாடுமின்றி இச்சிகிச்சை பெறும் உரிமையை அனைவர்க்கும் அளித்துள்ளது. அது எவரும் இடும் பிச்சையன்று.

ஒன்றை மறவாதிருப்போம். மன அமைதி என்பது அநீதியைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியன்று. உறக்கமின்மைக்கு மருத்துவர் உளர். இழிவுபடுத்தியவர்க்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உளது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. நொந்த உள்ளத்தை ஆற்றிக்கொண்டவனே நெடுநாள் வழக்காடவும் வல்லவன்.

அன்று சீனிவாசனார் மணி அடித்ததும் தனியே விரைந்து நடந்தார். நம் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகள் தோழர்களோடு பேசிச் சிரித்து, தங்கள் தெருவின் பெயரைத் தயக்கமின்றிச் சொல்லி, மெல்ல நடந்து வீடு சேரட்டும். அதற்குரிய துணையை ஒவ்வோர் இல்லத்திலும் இன்றே தொடங்குவோமாக.