கேட்காதவருக்குக் கொடுத்த மன்னிப்பு



பிள்ளைகளுக்கென்று எடுக்கப்படும் படங்களில் சில, பெரியவர்களாகிய நாம் இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் நம்மிடம் பேசுகின்றன. 2015இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'சிண்ட்ரெல்லா' அப்படிப்பட்டது. தாங்களே 1950இல் எடுத்த கார்ட்டூன் படத்தை, கென்னத் பிரனாவின் இயக்கத்தில், நடிகர்களைக் கொண்டு மறுபடி எடுத்தார்கள். தேராக மாறும் பூசணிக்காயும் நள்ளிரவு மணியோசையும் நாம் அறிந்தவையே. இன்று கடைசிச் சில நிமிடங்களை மட்டும் பார்ப்போம்.

கார்ட்டூனில், கண்ணாடிக் காலணியோடு வரும் அரண்மனைச் சேவகனை மாற்றாந்தாய் கைத்தடியை நீட்டி இடறிவிடுகிறாள். காலணி உடைகிறது. சிண்ட்ரெல்லா தன்னிடமுள்ள மற்றொன்றை எடுத்துக் காட்டுகிறாள். உடனே திருமணம். மாற்றாந்தாய் என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை.

புதிய படத்தில் கேட் பிளான்செட் நடித்த மாற்றாந்தாய்க்கு ஒரு கதை உண்டு. கணவரை இழந்தவள். இரண்டாம் கணவரும், இறந்துபோன தம் முதல் மனைவியையே நினைத்து வாழ்ந்ததை ஒட்டுக்கேட்டவள். ஏன் இவ்வளவு கொடுமை என்று அந்தப் பெண் கேட்கும்போது, அவளுடைய இளமையையும் நல்ல குணத்தையும் சொல்லிவிட்டு, தன்னைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் பேச்சு வராமல் நிற்கிறாள். கொடுமைக்குக் காரணம் இருக்கிறது, நியாயம் இல்லை.

இளவரசன் வந்துவிட்டான் என்றதும் சகோதரிகள் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். அந்த நேரத்து மன்னிப்புக்கு எவ்வளவு எடை என்று நமக்குத் தெரியாதா! மாற்றாந்தாயோ ஒன்றும் கேட்கவில்லை. வாசல்வரை போன பெண் திரும்பிப் பார்த்து, உங்களை மன்னிக்கிறேன் என்று மட்டும் சொல்கிறாள்.

1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ எழுதிய கதையில், சகோதரிகள் காலில் விழுந்து கேட்ட பிறகு மன்னிப்புக் கிடைக்கிறது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களின் கதையில் புறாக்கள் அந்தச் சகோதரிகளின் கண்களைக் கொத்துகின்றன. இந்தப் படம் பெரோவையும் ஒரு படி கடந்து, கேட்காதவளுக்கும் கொடுக்கிறது. சிலுவையில் தொங்கிய ஆண்டவரும், தம்மை அறைந்தவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. நாமோ, அவர்கள் முதலில் வரட்டும் என்று சொல்லியே பத்து ஆண்டு, இருபது ஆண்டு பேசாமல் இருக்கிறோம்.

எல்லாவற்றையும் சகித்துக்கொள் என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லும் படம் இது என்று சிலர் குறைகூறலாம். அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டைவிட்டு வெளியேறும்போதுதான் அவள் அதைச் சொல்கிறாள். அடுப்படிக்குத் திரும்பவில்லை. மாற்றாந்தாயை அரண்மனைக்கு அழைக்கவும் இல்லை. அந்தக் குடும்பம் நாட்டைவிட்டே போய்விடுகிறது. குடும்பங்களில் சமரசம் பேசும் நாம் இந்த இடத்தில்தான் தவறுகிறோம். மன்னித்துவிட்டேன் என்று சொல்லும் பெண்ணிடம், அப்படியானால் அதே வீட்டுக்குத் திரும்பிப் போ, அடித்தாலும் பொறுத்துக்கொள் என்கிறோம். மன்னிப்பதற்கும் திரும்பிப் போவதற்கும் இடையே அடித்தவரின் மனமாற்றம் இருக்க வேண்டும். அதை அவளால் செய்து கொடுக்க முடியாது.

அடுத்த முறை பிள்ளைகள் இந்தப் படத்தைப் போட்டால், கடைசிவரை உடன் அமர்ந்திருங்கள். மாற்றாந்தாய் அந்தச் சொல்லைக் கேட்கும் இடத்தில் அவள் முகத்தைப் பாருங்கள்.