சாக்லேட் தாளில் என்ன எழுதியிருக்கிறது?

(உத்திரமேரூர் குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



செயல்திட்டம் என்றால் என்ன வருகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கணினி மையத்தில் அச்சிட்டு வாங்கிய நான்கு பக்கம், ஓரத்தில் பூவேலை. பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றுகூட அதில் இருக்காது. ஆகவே எங்கள் ஏழாம் வகுப்பில் தலைப்பு கொடுக்காமல், ஆளுக்கொரு கேள்வியைச் சீட்டில் எழுதிப் பானையில் போடச் சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எடுத்தான். நம்மூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்லும் குடவோலையிலும் விவரமறியாச் சிறுவன்தானே ஓலை எடுத்தான்! வந்த சீட்டில் இருந்தது: "பிறந்தநாளுக்குக் கொடுக்கிற சாக்லேட்டை எதில் செய்கிறார்கள்?"

இரண்டு வாரம் தாள்களைச் சேர்த்தார்கள். எல்லாம் பொடி எழுத்து, ஆங்கிலம். அறிவியல் அறையிலிருந்து கைலென்ஸ் எடுத்து வந்தோம். ஆங்கில ஆசிரியை தம் பாடவேளைகள் இரண்டை விட்டுக்கொடுத்தார். எது எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இதை மட்டும்தான் நான் சொன்னேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் முதலில் இருந்தது சர்க்கரை. 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று தாளில் இருக்கிறது. கையில் இருப்பதோ 5 கிராம். விகிதக் கணக்கு அன்றைக்கு யாருக்கும் கசக்கவில்லை.

பிறகு தாள்களை மூன்று குவியலாகப் பிரித்தார்கள். கொக்கோவும் கொக்கோ வெண்ணெயும் உள்ளவை, கொக்கோத் தூளோடு தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்ந்தவை, கொக்கோவே இல்லாதவை. மூன்றாவதுதான் பெரிய குவியல். "அப்போ நாம சாக்லேட்னு சொல்றதுல பாதி மிட்டாய்தானா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

முதல் இரண்டு வகையிலும் ஒவ்வொரு துண்டைக் கிண்ணத்தில் வைத்து, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, வெப்பமானியும் வைத்தோம். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடல் வெப்பம் 37. வாயில் போட்டதும் கரைவதற்கு அதுதான் காரணம். முதல் துண்டு சீக்கிரம் குழைந்து வழிந்தது. இரண்டாவதன் மூலைகூட மழுங்கவில்லை. "இது போலி" என்று தீர்ப்பு எழுதப் போனார்கள். வகுப்பில் ஒரு பையனின் அம்மா பள்ளிக்கு எதிரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். அவரையும் கேட்டுவிட்டு எழுதுங்கள் என்றேன். அவர் சொன்னது: "சித்திரை வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ வேற எது நிக்கும்? நீங்க சொல்றத வைக்கணும்னா எனக்குப் பிரிட்ஜ் வேணும், கரண்ட் பில் யார் கட்றது?" தீர்ப்பை அடித்துவிட்டு, 'உருகாத கொழுப்பு ஏன் சேர்க்கிறார்கள்' என்று தலைப்பை மாற்றினார்கள். எனக்கு இந்தத் திருத்தம்தான் செயல்திட்டத்திலேயே பிடித்த பக்கம்.

அடுத்து, கொக்கோ எங்கே விளைகிறது என்று தேடினார்கள். நம் மாநிலத்தில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக இருக்கிறது. ஆனால் உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2018-19இல் அவ்விரு நாடுகளிலும் சுமார் 15.6 லட்சம் சிறுவர்கள் கொக்கோ வேலையில் இருந்தார்கள். இதைப் படித்ததும் ஒரு மாணவி எழுந்து, "எங்க தாத்தாவும் எட்டு வயசுல காஞ்சிபுரத்துல தறிக்குழியில இறங்கினவருதான்" என்றாள்.

இதை நான் திட்டமிடவில்லை. வீட்டு விஷயம்; மனம் நோகலாம். அவள் பெற்றோரிடம் பேசினேன், பெயர் எழுதுவதில்லை என்றும் முடிவு செய்தோம். தாத்தாவே பள்ளிக்கு வந்தார். "சாக்லேட்டுக்கும் தறிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றுதான் ஆரம்பித்தார். வீட்டில் முன்பணம் வாங்கியது, அது கழியாமல் ஆண்டுகள் ஓடியது, இருட்டில் குழியில் கால் மரத்தது, எல்லாம் சொன்னார். சேலையைத் தொட்டே தரம் சொல்வாராம். கூலிச் சீட்டில் எழுதியதை மட்டும் இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டும். பேத்தி தன் லென்ஸையும் ஒரு தாளையும் அவரிடம் காட்டி, "எங்களாலயும் இத முதல்ல படிக்க முடியல தாத்தா" என்றாள்.

14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை முழுமையாகத் தடுத்த 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தைச் சமூக அறிவியல் பாடவேளையில் வாசித்தோம். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற விலக்கு அதில் இருப்பதைக் கண்டுபிடித்தவன் பெட்டிக்கடைக்காரப் பையன். மாலையில் கடையில் உட்காருவது அவன்தான்! விவாதம் மணி அடித்தும் ஓயவில்லை.

பிறந்தநாளுக்கு இனி என்ன கொடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்கு விடுப்பு எடுக்கிறார்கள் என்று பிள்ளைகளே சொன்னார்கள். கடலை மிட்டாய் போதும் என்று ஒரு கட்சி. "அதுலயும் என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டுச் சொல்லுங்க" என்று இன்னொரு கட்சி. இப்போது கடலை மிட்டாய்த் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.